கூண்டில் ஏற்றப்படாத வறுமை

1985 செப்டம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் ஒரு சிறிய ஆய்வு வெளிவந்தது. எழுதியவர்கள் சிகாகோவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஐரா சாஸ்னாஃபும் அவருடைய சகாக்களும். ஆராயப்பட்டவர்கள் கர்ப்ப காலத்தில் கோகைன் எடுத்த 23 பெண்கள். அவர்களில் நால்வருக்கு, கோகைனை ஊசியில் ஏற்றிக்கொண்ட சற்று நேரத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரிந்து வலி கண்டிருந்தது. பிறந்த குழந்தைகள் ஆள் முகத்துக்கும் குரலுக்கும் சரியாக ஈடுகொடுக்கவில்லை. இது ஆரம்பக் கவனிப்புதான், இன்னும் ஆராய வேண்டும் என்ற அடக்கத்தோடுதான் கட்டுரை எழுதப்பட்டிருந்தது. அதை எடுத்துப் பரப்பியவர்களிடம் அந்த அடக்கம் இல்லை.

புகைக்கத் தோதான மலிவு கோகைனான கிராக், அமெரிக்க நகரங்களின் ஏழைத் தெருக்களில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டே வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கோகைன் தூளுக்கும் ஒரே குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. பிறகு 36 மருத்துவமனைகளில் எடுத்த ஒரு கணக்கெடுப்பை வைத்து, ஆண்டுக்கு 3,75,000 குழந்தைகள் சட்டவிரோதப் போதைப்பொருள் கலந்த கருப்பையிலிருந்து பிறக்கின்றன என்று சாஸ்னாஃப் மதிப்பிட்டார். அந்தக் கணக்கில் கஞ்சாவும் அடக்கம். செய்தித்தாள்களுக்கு வந்து சேர்ந்தபோது அத்தனையும் ‘கிராக் பேபி’ ஆகிவிட்டன. 1989இல் பத்தி எழுத்தாளர் சார்ல்ஸ் கிராட்ஹாமர், உடலமைப்பிலேயே தாழ்ந்துபோன ஒரு வர்க்கம் உருவாகிவருகிறது, அவர்களுடைய வாழ்க்கை முதல் நாளிலேயே தீர்மானமாகிவிட்டது என்ற பொருளில் எழுதினார். அவர் மருத்துவம் படித்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த வாதம் பெற்ற மதிப்பு புரியாது.

இதெல்லாம் வெறும் பீதி, கட்டுக்கதை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதிலும் உடன்பாடில்லை. குற்றச்சாட்டைப் போலவே மறுப்பும் சில இடங்களில் ஆதாரத்தை மீறிப் போகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மறுக்க முடியாததை முதலில் பார்த்துவிடலாம். நரம்பணுக்கள் வெளிவிடும் நார்அட்ரினலினையும் டோபமினையும் அவை திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடாமல் கோகைன் தடுக்கிறது. விளைவாக இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, தாயின் இரத்த அழுத்தம் எகிறுகிறது, கருப்பைக்குப் போகும் இரத்தம் குறைகிறது, கருவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. நஞ்சுக்கொடி கோகைனைத் தடுத்து நிறுத்துவதில்லை. பிறந்த குழந்தையின் முதல் மலத்தில், பாட்டிமார் காட்டுப்பீ என்று சொல்வார்களே அதில், கர்ப்பத்தின் பின்பாதியில் தாய் எடுத்த போதைப்பொருளின் தடயம் தங்கியிருக்கும். மெத்தம்பெட்டமைன் ஏறக்குறைய இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஆனால் கோகைன் மணிக்கணக்கில் அடங்கிவிட, இது நாள் முழுக்க உடலில் நிற்கிறது.

நஞ்சு முன்கூட்டிப் பிரிவது விளையாட்டல்ல. தாய்க்கும் சேய்க்கும் சேர்த்தே உயிர் போகக்கூடிய அவசர நிலை அது. கோகைன் ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, கோகைன் எடுக்காமல் வேறு போதைப்பொருள்களை எடுத்த பெண்களைத் தனி ஒப்பீட்டுக் குழுவாக வைத்துச் சலித்தது. சலித்த பிறகு கோகைன் கணக்கில் உறுதியாக நின்றவை இரண்டு: நஞ்சு பிரிதல், பனிக்குடம் முன்கூட்டியே உடைதல். மெத்தம்பெட்டமைனுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ், டெ மாயின், டல்சா, ஹொனலூலு ஆகிய நான்கு ஊர்களில் நடந்த ‘ஐடியல்’ ஆய்வு இருக்கிறது. கருவில் அந்தப் போதைப்பொருள் பட்ட குழந்தைகள் மாதத்துக்கேற்ற வளர்ச்சி இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு 3.5 மடங்கு என்று அது கண்டது. ஆகவே, கர்ப்பிணிக்கு இந்த ஊக்கப் போதைப்பொருள்கள் ஒன்றும் செய்யாது என்று எவராவது சொன்னால் அது பொய். இந்த மட்டில் குற்றச்சாட்டு நிரூபணமாகிறது.

நாட்டை நடுங்கவைத்த குற்றச்சாட்டு இதுவல்ல. மூளை சிதைந்த ஒரு தலைமுறை வருகிறது, அவர்களால் படிக்க முடியாது, அன்பு செலுத்த முடியாது, பள்ளிகளும் சிறைகளும் நிரம்பி வழியும் என்பதுதான் மேடையேறிய குற்றச்சாட்டு. அதற்கு அன்று காட்டப்பட்ட ஆதாரங்களைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓட்டை. கிராக் புகைத்த பெண்களில் பெரும்பாலோர் சிகரெட்டும் புகைத்தார்கள், பலர் குடித்தார்கள். நல்ல சாப்பாடு இல்லை, கர்ப்பகாலப் பரிசோதனை இல்லை, சிலருக்கு வீடே இல்லை. இவற்றில் எது குழந்தையைப் பாதித்தது என்று பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு வேண்டும். பல ஆரம்பகால ஆய்வுகளில் அது இல்லை, அல்லது வசதியான பெண்களின் குழந்தைகளை எதிரே நிறுத்தினார்கள். சோதிப்பவருக்கு எது கோகைன் குழந்தை என்று முன்பே தெரிந்திருந்ததும் உண்டு. தெரிந்த பிறகு சாதாரண அழுகையும் நோயின் அறிகுறியாகத் தெரியும். தொலைக்காட்சியில் கைகால் நடுங்கக் காட்டப்பட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை, ஓபியம் வகைப் போதைப்பொருளுக்கு உள்ளதைப் போன்ற, போதைப்பொருள் நின்றதும் வரும் வரையறுக்கப்பட்ட விலகல் நோய் கோகைனுக்கு இல்லை. குறைமாதத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் அப்படி நடுங்கக்கூடும்.

இந்த ஓட்டைகளைத் தாண்டி எதிர்த் தரப்பின் முடிவுகள் வெளியே வரக்கூட முடியவில்லை என்பதுதான் கொடுமை. டொரொன்டோவைச் சேர்ந்த கிடியன் கோரன் குழு 1989இல் ‘லான்செட்’ இதழில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டியது. கர்ப்பகாலக் கோகைன் பற்றி ஒரு குழந்தை மருத்துவ ஆராய்ச்சிச் சங்கத்தின் மாநாட்டுக்குப் பத்தாண்டுகளில் வந்த சுருக்கங்களை எடுத்தார்கள். தீங்கு உண்டு என்று சொன்ன 49 சுருக்கங்களில் 28 ஏற்கப்பட்டிருந்தன. தீங்கு தெரியவில்லை என்று சொன்ன 9இல் ஏற்கப்பட்டது ஒன்றே ஒன்று. தள்ளப்பட்டவை தரத்தில் குறைந்தவையும் அல்ல. கோகைன் எடுத்ததை உறுதிசெய்வதில் அவை மற்றவற்றைவிடக் கறாராகவே இருந்தன.

(இதே கோரன் நிறுவிய ‘மதர்ரிஸ்க்’ ஆய்வகம் பின்னாளில் தலைமுடிச் சோதனையை வைத்துத் தாய்மார்களின் போதைப் பழக்கத்தைக் கண்டறிந்து குழந்தைகள் நல நீதிமன்றங்களுக்குச் சான்று கொடுத்துவந்தது. அந்தச் சோதனைகள் அத்தகைய வழக்குகளுக்குப் போதுமானவையோ நம்பத்தக்கவையோ அல்ல என்று 2015இல் தனி விசாரணை முடிவு சொன்னது. அடுத்து வந்த ஆணையம் 1,271 வழக்குகளைப் புரட்டி, 56இல் அந்தச் சான்று தீர்ப்பையே பெரிதும் பாதித்திருந்ததாக 2018இல் அறிவித்தது. பிறருடைய சார்பை அளந்து காட்டிய கை இது. ஆளை நம்பாதே, முறையைப் பார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.)

சரியான முறையில் செய்து பார்த்தவர்களில் ஹாலம் ஹர்ட் முக்கியமானவர். பிலடெல்பியாவின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவ மையத்தில் 1989க்கும் 1992க்கும் இடையே பிறந்த 224 குழந்தைகளை எடுத்துக்கொண்டார். ஏறக்குறைய பாதிப்பேர் கருவில் கோகைன் பட்டவர்கள், மீதிப்பேர் படாதவர்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி ஏழைக் குடும்பங்கள், ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைத் தொடர்ந்து பார்த்தார். அவரும் வேறுபாடு தெரியும் என்று எதிர்பார்த்துத்தான் இறங்கினார். நான்கு வயதில் கோகைன் பட்ட குழந்தைகளின் சராசரி ஐக்யூ 79. படாதவர்களுக்கு 81.9. இந்த வித்தியாசம் புள்ளியியலில் பொருட்படுத்தத் தக்கதல்ல. பொதுச் சராசரி 100 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். இரண்டு குழுவுக்கும் இடையே 3 புள்ளி, இரண்டு குழுவுக்கும் பொதுச் சராசரிக்கும் இடையே 20 புள்ளி. மூன்று புள்ளியைத் தேடிப் போன இடத்தில் இருபது புள்ளி கிடந்தது. அந்தக் குழந்தைகளிடம் ஏழு வயதில் பேசிப் பார்த்தபோது, 81 சதவீதம் பேர் யாராவது கைது செய்யப்படுவதை நேரில் பார்த்திருந்தார்கள், 74 சதவீதம் பேர் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள், 19 சதவீதம் பேர் வீதியில் பிணம் கிடப்பதைப் பார்த்திருந்தார்கள். பரிவோடு வளர்க்கும் வீடு அமைந்த குழந்தைகள் இரண்டு குழுவிலும் மேலாக வந்தார்கள்.

2001இல் டெபோரா ஃபிராங்க் தலைமையில் ‘ஜாமா’ இதழில் வந்த மறுஆய்வு 74 கட்டுரைகளை எடுத்து, முறை சரியாக இருந்த 36ஐ மட்டும் வைத்துக்கொண்டது. முதல் ஆறு வயதுவரை கோகைனுக்கென்றே தனித்த, மற்ற ஆபத்துகளைவிடக் கடுமையான பாதிப்பு என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று அது முடித்தது. கோகைனால் வந்தது என்று முன்பு கருதியவற்றில் பலவும் புகையிலை, மது, கஞ்சா, வீட்டுச் சூழல் ஆகியவற்றோடு பொருந்திப்போயின.

மறுப்பவர்கள் வழக்கமாக இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஹர்ட் எடுத்த குழந்தைகள் யாவரும் 34 வாரம் நிறைந்து பிறந்தவர்கள். நஞ்சு பிரிந்து மிகக் குறைமாதத்தில் பிறந்த குழந்தை அந்த ஆய்வின் வாசலிலேயே கழிந்துவிடுகிறது. அதாவது, கோகைன் கெடுதல் செய்யும் வழிகளில் மிக உறுதியான ஒன்றை விலக்கிவிட்டுத்தான் மிச்சத்தை அந்த ஆய்வு அளந்தது. அளந்ததைப் பொறுத்தமட்டில் முடிவு சரி. அளக்காததற்கும் அதை நீட்டுவது தவறு.

கிளீவ்லாந்தில் லின் சிங்கர் நடத்திய ஆய்வும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. கோகைன் பட்ட 218 குழந்தைகள், படாத 197 குழந்தைகள். இரண்டு வயதில் பட்டவர்கள் அறிவு வளர்ச்சி அளவையில் 6 புள்ளி பின்தங்கினார்கள், கணிசமான தாமதம் இரு மடங்கு தெரிந்தது. 2002இல் இதே ‘ஜாமா’வில்தான் இது வந்தது. இந்த ஆய்வைக் குறிப்பிடாமல் கட்டுக்கதை என்று எழுதுவது நேர்மையல்ல. அதே குழந்தைகளின் நான்கு வயது முடிவையும் உடன் சொல்லாமல் விடுவதும் நேர்மையல்ல: மொத்த ஐக்யூவில் வேறுபாடு மறைந்துவிட்டது, இடவுணர்வு, கணக்கு போன்ற சில திறன்களில் மட்டும் குறை தங்கியது, நல்ல வீட்டுச் சூழல் கிடைத்த கோகைன் குழந்தைகளின் ஐக்யூ மற்றக் குழந்தைகளுக்கு நிகராக வந்தது. மெத்தம்பெட்டமைன் ஆய்விலும் சாயல் இதுவே. மூன்று, ஐந்து வயதில் பதற்றமும் கவலையும் சற்றுக் கூடுதல், ஐந்தில் கவனச் சிதறல் சற்றுக் கூடுதல். மூளையில் எதுவும் படவில்லை என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. தலையெழுத்து முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது.

தலையெழுத்தையே மாற்றக்கூடிய பொருள் எப்படியிருக்கும் என்று மருத்துவத்துக்கு ஏற்கெனவே தெரியும். 1973இல் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் ‘லான்செட்’டில் விவரித்த கரு மது நோய்க்குறி அது. முகத்தைப் பார்த்தே அடையாளம் காணலாம், மூளை வளர்ச்சி குன்றும், ஆயுளுக்கும் கூடவே வரும். கோகைனுக்கு அப்படியொரு நோய்க்குறியை எவரும் நிறுவவில்லை. அந்த மது கடைகளில் தாராளமாகக் கிடைத்தது, கிராக் விற்றவரும் வாங்கியவரும் சிறைக்குப் போனார்கள்.

குழந்தை குறையோடு பிறந்தால் தாய் எந்தக் கிரகணத்தில் வெளியே வந்தாள், எதைத் தின்றாள் என்று துருவும் பழக்கம் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அமெரிக்கா அந்தத் துருவலுக்கு ஆய்வகமும் காவல் நிலையமும் அமைத்துக் கொடுத்தது. சாஸ்னாஃபே இணைந்து எழுதிய இன்னொரு ஆய்வு 1990இல் வந்தது. புளோரிடாவின் பினெல்லாஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்ததில் வெள்ளையரில் 15.4 சதவீதத்தினருக்கும் கறுப்பினத்தவரில் 14.1 சதவீதத்தினருக்கும் ஏதோவொரு தடயம் இருந்தது. அதிகாரிகளிடம் புகாரான கறுப்பினப் பெண்களின் விகிதமோ வெள்ளையரைப்போல் பத்து மடங்கு. கோகைனை மட்டும் தனியே எடுத்தால் கறுப்பினப் பெண்களிடம் கூடுதல்தான், வெள்ளையரிடம் கஞ்சா கூடுதல். அந்த வித்தியாசத்தைக் கழித்தாலும் பத்து மடங்குக்குக் கணக்கு இடிக்கிறது.

தெற்குக் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில், அரசு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனை 1989 முதல் சில அடையாளங்கள் உள்ள கர்ப்பிணிகளின் சிறுநீரைக் கோகைனுக்காகச் சோதித்து முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வராதிருந்ததும் அந்த அடையாளங்களில் ஒன்று. வருவதற்கு வழியில்லாதவளை, வரவில்லை என்பதற்காகவே சந்தேகித்தார்கள். கைதான 30 பெண்களில் 29 பேர் கறுப்பினத்தவர். பெண்ணின் சம்மதமில்லாமல் போலீஸுக்காக நடத்தும் அத்தகைய சோதனை அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் சொன்னது.

அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1997இல், தாய்க்கு வெளியே பிழைக்கக்கூடிய கரு குழந்தைத் துன்புறுத்தல் சட்டத்தின்படி குழந்தையே என்று முடிவுசெய்து, ஒரு பெண்ணின் எட்டாண்டுத் தண்டனையை உறுதிப்படுத்தியது. அவளுடைய குழந்தை ஆரோக்கியமாகப் பிறந்திருந்தது. உடலில் தடயம் இருந்தது, அவ்வளவுதான். இன்னொருத்திக்குக் குழந்தை இறந்து பிறந்தது. வீடற்றவள், வயது இருபத்தைந்தைத் தொடாதவள். நடுவர் குழு கால் மணி நேரத்தில் குற்றவாளி என்றது, 12 ஆண்டு சிறை. 2008இல் அந்தத் தீர்ப்பு ரத்தானது. கோகைனைப் புகையிலையோடும் ஊட்டக்குறைவோடும் ஒப்பிட்டு அதிகத் தீங்கில்லை என்று சொன்ன புதிய ஆய்வுகளை அவளுடைய வழக்கறிஞர் முன்வைக்கத் தவறினார், அரசுத் தரப்பு காலாவதியான ஆய்வை நம்பியிருந்தது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் குறிப்பிட்டார்கள். அதற்குள் ஏழெட்டு ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன.

தண்டனை குழந்தையைக் காக்கிறது என்றால் சகித்துக்கொள்ளலாம் என்று வாதிடுவோர் உண்டு. சரி, காக்கிறதா? எட்டு மாநிலங்களில் ஏறத்தாழ 46 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2019இல் வந்த ஆய்வில், தண்டனைக் கொள்கை உள்ள மாநிலங்களில் பிறந்த குழந்தைகளிடம் விலகல் நோய் கூடுதலாகவே இருந்தது. அது ஓபியம் வகைகளைப் பற்றியது, கோகைனுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனால் போலீஸ் நிற்கும் வாசலுக்குக் கர்ப்பிணி எப்படி வருவாள் என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. கர்ப்பகாலப் பரிசோதனை தவறுவது, கோகைனைத் தள்ளிவைத்தாலும், குழந்தைக்கு ஆபத்துதான். டென்னசி மாநிலம் 2014இல் கர்ப்பிணியின் போதைப் பழக்கத்தைத் தாக்குதல் குற்றமாக்கிய சட்டத்தை இரண்டே ஆண்டில் காலாவதியாக விட்டுவிட்டது.

இன்னொரு ஒப்பீடு இந்த விவகாரத்தின் தோலை உரிக்கிறது. கவனக்குறைவுக் கோளாறுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மருந்துகளும் ஊக்கப்பொருள் வகையைச் சேர்ந்தவையே. ஆம்பெட்டமைன் அவற்றில் ஒன்று, மெத்தம்பெட்டமைனின் நெருங்கிய உறவு. சீட்டு எழுதி வாங்கும் அளவும் தெருவில் வாங்கும் அளவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். அந்த மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் 18 லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்து 2018இல் ஒரு கட்டுரை வந்தது. மெத்தில்ஃபெனிடேட்டோடு இதயக் கோளாறு ஆபத்து சுமார் 28 சதவீதம் கூடுதல், ஆம்பெட்டமைனோடு கூடுதல் தெரியவில்லை என்றது. அதைப் படித்த மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? பெண்ணோடு உட்கார்ந்து, மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும், தொடர்ந்தால் என்ன ஆகும் என்று எடைபோட்டார்கள். எந்தப் பத்தி எழுத்தாளரும் தாழ்ந்த வர்க்கம் உருவாகிறது என்று எழுதவில்லை.

ஆகவே என் முடிவு இது. ஊக்கப் போதைப்பொருள் கர்ப்பத்துக்குத் தீங்கு என்பது நிரூபணமானது. அந்தத் தீங்கின் பெரும்பகுதி நஞ்சிலும் எடையிலும் பிறப்பு நேரத்திலும் இருக்கிறது, முறையான பரிசோதனையும் சிகிச்சையும் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது. மூளைக்கு நேரும் பாதிப்பு உண்டு, சிறியது, வளரும் வீட்டால் பெரிதும் ஈடாகிறது. பாழ்பட்ட தலைமுறை என்ற குற்றச்சாட்டு தள்ளுபடியாகிறது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அல்ல, ஆதாரத்தின் பலத்தில். அதைப் பரப்பிய ஆய்விதழ்களும் நாளிதழ்களும் பொறுப்பேற்க வேண்டியவை. ‘நியூயார்க் டைம்ஸ்’ 2018 டிசம்பரில் தன் பங்கை ஒரு தலையங்கத்தில் ஒப்புக்கொண்டது, பெரும்பாலானவை அதுவும் செய்யவில்லை. கட்டுக்கதை என்று எழுதுவோர் அந்தச் சொல்லை ‘மிகைப்படுத்தல்’ என்று திருத்திக்கொண்டால் அவர்கள் தரப்பு பலவீனமாகாது, உறுதிப்படும். கர்ப்பிணியிடம் சிகரெட், மது, மாத்திரை, போதைப்பொருள் எல்லாவற்றையும் ஒரே குரலில் கேட்கலாம், கேட்க வேண்டும். சொல்லாமல் சிறுநீரைச் சோதித்துப் போலீஸுக்கு அனுப்பும் மருத்துவமனை தன் வேலையைச் செய்யவில்லை.

தனிநபர் குற்றவாளி கிடைக்கும் விளக்கம் எப்போதும் முந்திக்கொள்ளும். இருபது புள்ளிக்குக் காரணமான வறுமைமீது வழக்குப் போட முடியாது, மூன்று புள்ளிக்கு ஒரு பெண்ணைக் கைதுசெய்ய முடியும். ஹர்ட் பின்னர் வறுமை பச்சிளங்குழந்தையின் மூளையை என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சிக்கு நகர்ந்தார். சட்டம் நகரவில்லை. தெற்குக் கரோலைனாவின் 1997 தீர்ப்பு இன்னும் நடப்பில் இருக்கிறது. வீட்டில் மெத்தம்பெட்டமைன் காய்ச்சுவோரின் நச்சுப் புகையிலிருந்து குழந்தைகளைக் காக்க அலபாமா 2006இல் கொண்டுவந்த சட்டத்தை, 2013இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் கர்ப்பிணியின் வயிற்றிலிருக்கும் கருவுக்கும் நீட்டியது. பிலடெல்பியா ஆய்வின் முடிவுகள் பல அதற்கு முன்பே வெளிவந்துவிட்டிருந்தன.